உன் கையில் ஏழு, என் கையில் ஒன்பது

போன ஞாயிற்றுக்கிழமை நூம்பலில் நம் கூட்டாளி ஒருவன் வீட்டு மாடியில் சீட்டுப் போட்டபோது எனக்கு இரண்டு ஏழுகள் வந்தன. ஒன்று ஆட்டின் சீட்டு, ஒன்று டைமன். பார்த்ததும் கவிழ்த்து வைத்துவிட்டேன். நீ போன பிறகு இந்த ஜோடி என் கைக்கு வந்தது அன்றுதான்.

பாடி பக்கம் ஒரே கம்பெனி, ஒரே ஷிப்டு நமக்கு. பஸ்ஸில் திரும்பும்போது பேச்செல்லாம் போக்கர்தான். ராஜா ஜோடியும் ஏஸ் ஜோடியும் வந்தால் எவனும் ஆடிவிடுவான். சின்ன ஜோடிதான் ஆளைப் படுத்தும் என்பாய். ஆரம்பத்தில் வந்தால் கொஞ்சமாகப் போட்டுப் பார்க்கலாம், நடுவில் விரிக்கும் சீட்டுகளில் அதே எண் விழாவிட்டால் பேசாமல் வைத்துவிடலாம். இதில் நம் இருவருக்கும் சண்டை இல்லை. பந்தயம் வைக்கும் காயின் கரைந்துபோன கடைசிக் கட்டத்தைப் பற்றித்தான் வாக்குவாதம். நான் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம் என்பேன். நீ, "அப்போ காத்துகினு இருக்கக் கூடாது மச்சான். அவன் போடறதுக்கு முன்னாடி நாமளே மொத்தத்தையும் தள்ளிடணும்" என்பாய்.

நம் ஆட்டத்தில் பணம் கிடையாது. காணும் பொங்கலன்று நடக்கும் போட்டிக்கு ஒரு எவர்சில்வர் கோப்பை, அவ்வளவுதான். ஜெயித்தவன் வீட்டு டிவி மேல் ஒரு வருஷம் இருக்கும். உன் வீட்டுக்கு அது வந்ததே இல்லை. உனக்கு ஈரலில் கட்டி என்று தெரிந்த பிறகு வந்த பொங்கலுக்கு, தொப்பி போட்டுக்கொண்டு, மெலிந்த கையோடு வந்து உட்கார்ந்தாய். இந்த முறை கோப்பை உனக்குத்தான் போகவேண்டும் என்று சொல்லாமலே எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

மூன்று பேர் மிச்சம். உன்னிடம் காயின் குறைந்துபோயிருந்தது. சீட்டைப் பார்த்தாய், எல்லாவற்றையும் நடுவில் தள்ளினாய். என் கையில் இரண்டு ஒன்பதுகள். நான் ஆடாமல் சீட்டை வைத்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. தலை நிமிர்ந்து உன்னைப் பார்த்தேன்.

"இன்னாடா பாக்கற? என் மூஞ்சியப் பாக்காத, சீட்டப் பாரு. நான் இன்னும் சாவல, ஒயுங்கா ஆடு."

ஆடினேன். நீ ஏழுகளைத் திருப்பினாய், நான் ஒன்பதுகளை. நடுவில் ஐந்து சீட்டும் விழுந்தன. ஏழு வரவில்லை. என் ஒன்பதுகள் ஜெயித்தன, நீ ஆட்டத்தை விட்டு வெளியே. எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. நீ சுற்றி வந்து என் தோளைப் பிடித்து அழுத்தினாய். "நீ சீட்ட வெச்சிருந்தன்னா உன்னோட பேசியே இருக்க மாட்டேன்" என்றாய். நீ சொன்னது நிஜம் என்று கையின் அழுத்தத்தில் தெரிந்தது.

சித்திரையில் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாய். மருந்து கேட்கவில்லை, இனி வீட்டுக்கு அழைத்துப் போய்விடுங்கள் என்று டாக்டர் உன் மனைவியிடமும் என்னிடமும் வராந்தாவில் சொன்னார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, அவருகிட்ட சொல்லிடாதீங்க. தாங்க மாட்டாரு."

உள்ளே வந்தால் நீ எனக்காகவே காத்திருந்தாய். அவள் மருந்துக் கடைக்குப் போகட்டும் என்றிருந்துவிட்டு, "எல்லாரும் என் மூஞ்சியப் பாத்துப் பாத்துப் பேசறாங்க. நீ சொல்லு. டாக்டர் இன்னா சொன்னாரு?" என்றாய்.

சொன்னேன். மழைக்காலம் வரைகூடச் சந்தேகம் என்பதையும் சொன்னேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். நீ என்னைத் திட்டுவாய், அழுவாய் என்று நினைத்தேன். திரும்பி என்னைப் பார்த்து, "அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாதுடா" என்றாய்.

அந்தக் கோடை முழுக்க சாயங்காலங்களில் அம்பத்தூரில் உன் தெருமுனையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாய். அவள் ஸ்கூட்டியில் போவாள், வருவாள், தடுமாறிக் காலை ஊன்றுவாள். "பிரேக்க விடும்மா, ரோட்டப் பாரு" என்று உன் குரல் கம்மிக் கம்மி வரும். அவள் என்னோடு பேசவில்லை. உனக்கு யார் சொன்னது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவேன். மழை தொடங்குமுன் நீ போய்விட்டாய். காரியத்தன்றும் அவள் என் பக்கம் திரும்பவில்லை.

சரியாகத்தான் செய்தேனா என்று அதற்குப் பிறகு பல முறை எனக்குள்ளேயே கேட்டிருக்கிறேன். ஒரு பெண்ணின் கெஞ்சலை மீறினேன். ஆனால் நீ கேட்டாய். உன்னிடம் பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

நேற்றுக் காலை அம்பத்தூர் எஸ்டேட் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். பஸ் வருகிற வழியாக இல்லை. ஒரு ஸ்கூட்டி என்னைத் தாண்டிப் போய், ஓரங்கட்டி நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே அவள் திரும்பிப் பார்த்தாள். நான் பக்கத்தில் போனதும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"கடைசியா அவரு இன்னா சொன்னாரு தெரியுமாண்ணா? 'அவன் சொல்லலன்னா உன்ன வண்டி ஓட்டக்கூடத் தெரியாம உட்டுட்டுப் போயிருப்பேன்'னாரு. எனக்குத்தான் உங்ககிட்ட வந்து சொல்ல இவ்ளோ நாளாயிடுச்சி."

பின் சீட்டைக் கையால் தட்டினாள்.

"பாடிக்குத்தானே? ஏறுங்க."

ஏறி உட்கார்ந்தேன். லாரிகளுக்கு நடுவே பதறாமல், நிதானமாக ஓட்டினாள். நீ கடைசியாக அவளிடம் சொன்ன அந்த வார்த்தையை அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, மேம்பாலம் ஏறி இறங்கும் வரை மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். இனி என்னிடம் நேராகக் கேட்கிறவர்களுக்கு நேராகத்தான் சொல்வேன்.