தி. ந. என்று சுட்ட மரவை

29.06.2025, ஞாயிறு

ஆராதனை முடிய மாதர் சங்கம் முழுவதும் வான் பிடித்துப் பருத்தித்துறைக்குப் போனோம். புதிதாகத் திறந்த ஒரு விடுதியில் மத்தியானச் சாப்பாடு. சாப்பாடு சுமார். சுவர்தான் விசேஷம். சுளகுகளை வரிசையாக ஆணியில் கொழுவியிருக்கிறார்கள். பனையோலைக் கடகத்தைக் கவிழ்த்துக் கட்டி உள்ளே பல்ப் எரிகிறது. மரத்தில் குடைந்த, மா குழைக்கிற மரவையில் மாம்பழம் அடுக்கியிருக்கிறது. சங்கச் செயலாளர் மார்கிரட் ரீச்சர் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நின்று படம் எடுத்தா. "எங்கடை வீடுகளிலை இருந்த உதுகளையெல்லாம் அடுப்பிலை வைச்சிட்டமே பொன்மலர்" என்று ஒரு பெருமூச்சு வேறு.

எங்கள் வீட்டில் அடுப்பில் வைக்கவும் இருந்ததில்லை. என் மாமனார் திமோத்தி, ஊருக்கு பிளாஸ்ரிக் வந்த அன்றைக்கே மனந்திரும்பி ஞானஸ்நானம் எடுத்த மனிதர். வாளி, கோப்பை, கூடை எல்லாம் சிவப்பு பிளாஸ்ரிக்.

ஆனால் மரவை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வான் சாவகச்சேரிக்கு வந்து சேரும்வரை அதே நினைப்பு.

02.07, புதன்

பக்கத்து வீட்டுத் திறப்பு ஒன்பது வருஷமாக எங்கள் கலண்டர் ஆணியில் தொங்குகிறது. தாய் நல்லம்மா அக்கா காலமானபின் உதயகலா வீட்டைப் பூட்டி, கனடாவுக்குத் திரும்பும்போது திறப்பை என் கையில் வைத்துச் சொன்னது இவ்வளவுதான்: "நிலத்தைக் கூட்டுங்கோ மலரக்கா, யன்னலைத் திறந்து விடுங்கோ. ஒண்டையும் அசைக்காதேங்கோ. எல்லாம் அம்மா வைச்ச இடத்திலையே இருக்கட்டும்."

இன்று அசைத்தேன். மரவை ஒன்று, சுளகு மூன்று, கடகம் நான்கு, பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி ஒன்று. வேலியில் இருக்கிற பொட்டுக்குள்ளால் குனிந்து நான்கு நடை. தட்டில் ஒன்பது வருஷத் தூசி. பார்க்க வெட்கமாக இருந்தது, ஈரத்துணியால் துடைத்தும் விட்டேன். இரவல்தானே.

என்ரை மனுசன் நதானியேல் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். நாளுக்கு ஒன்பது சொல்லுக்கு மேல் செலவழிக்கமாட்டார். "இரவல் எண்டால் கேட்டெல்லோ எடுக்கவேணும்" என்றார்.

"கேட்டால் ஓமெண்டுதான் சொல்லியிருப்பாள்."

"அப்ப கேட்டிருக்கலாம்."

இன்றைய பங்கு முடிந்தது.

06.07, ஞாயிறு

எழுதவே கை கூசுது.

பின்னேரம் மாதர் சங்கம் எங்கள் வீட்டில். சுவரைப் பார்த்து எல்லாருக்கும் வாய் பிளந்தது. மரவையை முதுகு வெளியே தெரிய மாட்டியிருந்தேன். முதுகில் காய்ச்சின ஆணியால் சுட்ட இரண்டெழுத்து: தி. ந. தியாகராசா அண்ணை மனுசியின்ரை பேருக்குச் சுட்டது, தியாகராசா நல்லம்மா. கலியாண வீடுகளுக்குக் கொடுத்தால் பிழைபடாமல் வீடு திரும்பவேண்டுமே.

மார்கிரட் ரீச்சர் கிட்டப் போய்க் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தா. "ஆற்றை பொன்மலர் இது?"

"மாமாவின்ரை. தி. ந. வாசியுங்கோவன். திமோத்தி, நதானியேல்."

சத்தியமாக நான் ஆயத்தம் செய்து வைத்திருந்த பொய்யில்லை. எழுத்து ஆயத்தமாக இருந்தது, வாய் போய் அதில் ஏறி இருந்துவிட்டது. நதானியேல் எழும்பிக் கிணற்றடிக்குப் போனவர், சனம் கலையும்வரை வரவில்லை.

ரீச்சர் படம் எடுத்து பேஸ்புக்கில் போட்டுவிட்டா. "திமோத்தி ஐயாவின் மரவை. ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் பொக்கிஷம்."

08.07, செவ்வாய்

இருநூறு பேருக்குமேல் விருப்பம் போட்டிருக்கிறார்கள். மரவையை இறக்கித் தண்ணீர் விட்டு, செவ்வரத்தம்பூ மிதக்கவிட்டு யன்னலடியில் வைத்தேன். ஏதோ ஒரு வீடியோவில் பார்த்தது. நல்ல வடிவு. எனக்கே என்னைப் பிடித்துவிட்டது.

09.07, புதன்

உதயகலா ஒரு இதயம் போட்டிருக்கிறாள். சிவப்பு. ஒரு சொல் இல்லை.

திட்டியிருந்தாலும் திருப்பி ஏதும் கதைக்கலாம். இதயத்துக்கு என்ன மறுமொழி? மேலே எழுதியிருக்கிறதை வாசித்தாளா? படத்தை மட்டும் பார்த்தாளா? எழுத்துத் தெரிகிறதா என்று படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். தெரிகிறது. தி. பிறகு புள்ளி. பிறகு ந.

மத்தியானம் சோறு இறங்கவில்லை. நான் சோற்றை விட்டதை இந்த வீடு கண்டதில்லை. நதானியேல் பயந்துபோய் இரண்டாந்தரம் கறி விட்டார்.

11.07, வெள்ளி

போன் அடித்தது. கனடா. எடுக்கேல்லை.

13.07, ஞாயிறு

குரல் பதிந்து அனுப்பியிருக்கிறாள். "மலரக்கா, போன் எடுக்கிறியளில்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு வாறன். ஓகஸ்ட் மூண்டாந் திகதி. வீட்டிலைதான் நிப்பன்."

மரவையைப் பற்றி ஒன்றுமில்லை. ஏன் ஒன்றுமில்லை? ஏழுதரம் கேட்டேன். "வீட்டிலைதான்" என்ற இடத்தில் குரலை அழுத்துகிறாளோ?

14.07, திங்கள்

எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுபோனேன். சுளகை எடுத்துக்கொண்டு அந்தக் குசினியில் நின்றேன் — எங்கே வைப்பது?

ஒவ்வொரு சாமானுக்குக் கீழும் தூசியில்லாத வட்டம் இருந்திருக்கும். அதைப் பார்த்து வைத்திருக்கலாம். அந்தத் தூசியைத்தானே துடைத்தேன். ஒன்பது வருஷம் அசைக்காத ஒன்றை ஐந்து நிமிஷத்தில் பளிச்சென்று ஆக்கிவிட்ட கெட்டிக்காரி. கடகம் ஒன்றுக்குள் ஒன்றாக இருந்ததா, தனித்தனியா? நீத்துப்பெட்டி தட்டிலா, கீழேயா? கண்ணை மூடிப் பார்த்தேன். என் வீட்டுச் சுவர்தான் தெரிகிறது.

கடைசியாக மரவையை எடுக்க வந்தேன். தண்ணீரை ஊற்றினேன். விளிம்பிலிருந்து நடு மட்டும் ஒரு வெடிப்பு.

ஒன்பது வருஷம் காய்ந்து கிடந்த மரம், தண்ணியைக் குடிச்சு, சோளகக் காத்திலை ஒரு பக்கம் உலர்ந்தா வேறென்ன செய்யும்? ஐயோ, நான் என்ன செய்துபோட்டன். பொம்பிளை ஒருத்தி நாற்பது வருஷம் மாக் குழைச்ச மரவை, என்னட்டைப் பன்னிரண்டு நாள் தாங்கேல்லை.

19.07, சனி

மரத்தூளும் பசையும் குழைத்து வெடிப்பில் அப்பினேன். இப்போது வெடிப்பு தூரத்திலேயே தெரிகிறது. சுரண்டினேன். இன்னும் தெரிகிறது. நதானியேல் பார்த்துக்கொண்டு நின்றார். "சொல்லிவிடன்" என்றார். ஒரே சொல்.

சொல்லலாம். எடுத்தது, வெடிச்சது எல்லாம் சொல்லலாம். திமோத்தி மாமாவின்ரை எண்டதை எந்த வாயாலை சொல்லுறது?

25.07, வெள்ளி

ஆசுபத்திரி கிளினிக். பிறஷர் ஏறியிருக்கிறது. "ஏதும் யோசினையோ அம்மா?" என்று நேர்ஸ் பிள்ளை கேட்டாள். "ஒரு மரவை" என்றேன். காது சரியாகக் கேட்குதோ என்று சோதித்தாள்.

03.08, ஞாயிறு

வந்துவிட்டாள். மெலிந்துபோனாள். கட்டிப்பிடித்தாள். நான் மரக்கட்டை மாதிரி நின்றேன்.

நேரே குசினிக்குள் போனாள். "பிட்டு அவிப்பம் அக்கா" என்று என்னோடு கதைத்துக்கொண்டே, திரும்பிப் பாராமல், கதவுக்குப் பின்னால் கையை விட்டாள். கை வெறும் ஆணியில் நின்றது. நீத்துப்பெட்டி நான் வைத்த தட்டில், முன்வரிசையில், கடைச்சாமான் மாதிரி இருந்தது.

அவள் கையை எடுக்கவில்லை. அந்த ஆணியைத் தடவிக்கொண்டு நின்றாள்.

நான் வீட்டுக்குப் போய் மரவையை எடுத்துவந்து வெடிப்பைக் காட்டினேன். எல்லாம் சொன்னேன் என்று எழுத ஆசை. பாதி சொன்னேன், பாதி அழுதேன்.

"வெடிச்சது கிடக்கட்டும்" என்றாள். "படத்திலை அம்மாவின்ரை மரவையைக் கண்டோடனை எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமே? அதுதான் இதயம் போட்டன். பிறகுதான் மேலை எழுதியிருந்ததை வாசிச்சன்."

நான் மரவையைத் தட்டில் வைத்தேன்.

"எடுத்தது பெரிசில்லை மலரக்கா. கேட்டிருந்தா நானே தந்திருப்பன். அம்மாவின்ரை பேரையெல்லோ எடுத்துப்போட்டியள்."

பிறகு கையை நீட்டினாள். "திறப்பைத் தாங்கோ."

04.08, திங்கள்

கலண்டர் ஆணியில் கலண்டர் மட்டும்.

06.08, புதன்

இரண்டு நாளாக வேலிக்கு அந்தப் பக்கம் வாளிச் சத்தம் மட்டும் கேட்கிறது. என்னை ஒருதரும் எழுதச் சொல்லவில்லை. காலையில் ரீச்சரின் படத்துக்குக் கீழே எழுதினேன்:

"தி. ந. என்றால் தியாகராசா நல்லம்மா. மரவை அவவின்ரை. நான் கேளாமல் எடுத்து, பொய் சொல்லி, வெடிக்கவும் வைத்தேன். திமோத்தி மாமாவிடம் இருந்தது சிவப்பு பிளாஸ்ரிக் வாளி. — பொன்மலர்."

அனுப்பிவிட்டுப் போனை அரிசி வாளிக்குள் புதைத்தேன். பத்து நிமிஷத்தில் அரிசிக்குள் இருந்து மார்கிரட் ரீச்சர் கூப்பிட்டா.

"பொன்மலர், ஆரோ உங்கடை பேஸ்புக்குக்குள்ளை பூந்திட்டாங்கள்!"

"இல்லை ரீச்சர். நான்தான்."

ரீச்சர் போனை வைத்துவிட்டா.

நதானியேல் இன்று பதினொரு சொல் பேசினார். அதில் ஒன்று "நல்லது".

10.08, ஞாயிறு

ஆராதனையில் மாதர் சங்கம் வேறு வாங்குகளில். என் நீள வாங்கில் நான் மட்டும். கால் நீட்டி இருந்தேன். பயம் மட்டும் பக்கத்தில் இருந்தது.

23.08, சனி

விடிய ஆறு மணிக்கு வான் வந்து ஒழுங்கையில் நிற்கிறது. உதயகலா வாசல் படலையால் வரவில்லை, வேலிப் பொட்டுக்குள்ளால் குனிந்து வந்தாள். கையில் மரவை. என் சுவரில் பழைய ஆணியில் மாட்டினாள், எழுத்து வெளியே தெரிய. வெடிப்பு ந-வுக்குப் பக்கத்தால் போகிறது, எழுத்தைத் தொடவில்லை. இன்றைக்குத்தான் கவனித்தேன்.

"தண்ணி விடாதேங்கோ."

"இல்லை."

"ஆற்றையெண்டு கேட்டால்?"

"சொல்லுறன் பிள்ளை. கேளாட்டிலும் சொல்லுறன்."

சிரித்தாளா தெரியவில்லை. மேசையில் திறப்பை வைத்தாள். "நீத்துப்பெட்டி கதவுக்குப் பின்னாலை. அது அங்கைதான். மிச்சம் நீங்கள் வைச்ச இடத்திலையே இருக்கட்டும்."

"இல்லைப் பிள்ளை, அம்மா வைச்ச இடத்தைச் சொல்லு, நான் —"

"எனக்கும் ஞாபகமில்லை அக்கா."

வான் போய்விட்டது. திறப்பைக் கலண்டர் ஆணியில் கொழுவினேன். இதை எழுதுவதற்குள் மூன்றுதரம் எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டேன். இருக்கிறது.