காரவள்ளி எஞ்சின் இன்னும் கூவவில்லை

வாழவந்தி நாடு,
ஐப்பசி, வெள்ளிக்கிழமை.

அன்பு மிக்க அருணாசலம் அவர்களுக்கு,

பழனிமுத்து வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்களுக்கு மூச்சு வாங்குவது சற்றுக் குறைந்திருப்பதாக சுஜிதா சொன்னாள். புனேயில் குளிர் தொடங்கிவிட்டதாம். அப்படி ஒரு மகள் வீட்டில் இருக்கிறீர்கள் என்பதால் அந்தக் கவலை எனக்கு இல்லை. போனில் பேசினால் வழக்கம்போல இரண்டு சொல்லோடு முடித்துவிடுவேன் என்பதால் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சொல்வதற்கு முன் நானே சொல்ல வேண்டிய விஷயம்.

போன ஞாயிறு நம் பழைய நீராவி எஞ்சினுக்கு நெருப்பு மூட்டுவதாக இருந்தோம். மூட்டவில்லை. காரணம் நான்.

நீங்கள் போன பிறகும் அடிவாரத்துக் காரவள்ளிக் கொட்டகையில் வேலை நன்றாகவே நடந்தது. வேல்முருகன் தன் லாரிப் பட்டறையைத் தம்பியிடம் விட்டுவிட்டு எஞ்சினுக்கு அடியிலேயே கிடந்தான். கோகிலா பாலிடெக்னிக் விடுமுறை நாட்களில் வந்து குழாய்களை எல்லாம் மாற்றி முடித்தாள். கொட்டகையைக் கொடுத்த பெருமாயி அம்மா, குச்சிக்கிழங்கு அவித்து எல்லோருக்கும் போட்டபடியே, “கரும்பாலைக்காரன் தூக்கிப் போட்ட சனியன், எங்கூட்டுக்குன்னு வந்து சேந்துச்சு பாரு” என்று திட்டுகிறார்.

எனக்கு நீங்கள் ஒதுக்கிய வேலை தட்டிப் பார்ப்பது. நெருப்புப் பெட்டியின் சுவரைக் கொதிகலனோடு இழுத்துப் பிடிக்கும் ஸ்டே போல்ட்டுகளை வரிசையாகச் சுத்தியலால் தட்டினேன். கணீரென்று கேட்டதை விட்டுவிட்டேன். மொத்தென்று கேட்டதற்கு வாத்தியார் பழக்கத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டேன். இடப்பக்க மேல்வரிசையில் வட்டங்கள் அடுத்தடுத்து விழுந்தன. மொத்தென்றால் போல்ட் முறிந்திருக்கிறது என்றும், அப்படி அடுத்தடுத்து முறிந்திருந்தால் நீராவி ஏறும்போது சுவர் உப்பிக் கிழியும் என்றும் சொன்னவர் நீங்கள்தான். ஆனால் தட்டியதைக் கேட்டது என் காது. போன வருடம் முதல் கருவி போட்டிருக்கும் காது. மொத்தென்று இருப்பது போல்ட்டா, நானா? கருவியைக் கழற்றிவிட்டுத் தட்டினேன். பேட்டரி மாற்றித் தட்டினேன். சந்தேகம் தீரவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். முனகினேன் என்பதே சரி. தண்ணீர் நிரப்பி அழுத்திப் பார்த்தபோது ஒரு சொட்டுகூடக் கசியவில்லையே என்றாள் கோகிலா. அதுவும் உண்மைதான். கருப்பனாரிடமே உத்தரவு கேட்டுவிடுவோம் என்றான் வேல்முருகன். சிலையின் இரண்டு தோளிலும் ஈரப் பூவை ஒட்டிவைத்துக் காத்திருந்தோம். வலப்பக்கம் விழுந்தால் சம்மதம். வலப்பக்கப் பூவே விழுந்தது. உத்தரவு கிடைத்துவிட்டது. ஈரம் காய்ந்தால் ஏதாவது ஒரு பூ விழத்தான் செய்யும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “கருப்பனே சரின்னுட்டாருங்க சார், உங்க காது மெசினு அவரைவிடப் பெருசுங்களா?” என்றான் வேல்முருகன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. எஞ்சின் கூவும் சத்தத்தைப் போனில் உங்களுக்குக் கேட்கவைக்க வேண்டும் என்பதே அவர்கள் எண்ணம். ரொம்பத் தள்ளிப்போட வேண்டாம் என்று சுஜிதாவும் சொல்லியிருக்கிறாள். ஏன் என்று நான் அவளிடம் கேட்கவில்லை.

சனிக்கிழமை, தண்ணீர் நிரப்பும் முன் எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். நான் நெருப்புப் பெட்டிக்குள் நுழைந்து, கூரையில் இருக்கும் ஈயத் திருகாணியைக் கழற்றினேன். அது இல்லாவிட்டால் கொதிகலன் தண்ணீர் அந்த ஓட்டை வழியாக நெருப்பின்மேலேயே கொட்டும். திருகாணியைத் துண்டில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு மலைக்கு பஸ் ஏறிவிட்டேன். கொண்டை ஊசி வளைவுகளில் எனக்கு எப்போதும் வரும் தலைசுற்றல்கூட அன்று வரவில்லை. பயம் அதையும் மிஞ்சிவிட்டது போலிருக்கிறது.

ஞாயிறு காலை மூவரும் மலைமேல் என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். பெருமாயி அம்மா வேல்முருகனின் பைக்கில், கோகிலா தன் ஸ்கூட்டரில். “ஏனுங்க சார், திருடறதுதான் திருடுனீங்க, பெரிய வால்வாப் பாத்துத் திருடியிருந்தா எடைக்காச்சும் ஆகுமுங்களே” என்று வாசலிலேயே ஆரம்பித்தான் அவன். சிரிப்பில்லாமல்தான் சொன்னான். நான் பதறிப்போய், லாரி கம்ப்ரஸர் காற்றை வைத்தே கூவவிட்டு உங்களுக்குக் கேட்கவைக்கலாமே என்றேன். இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. “எஞ்சின்லயே காலம் தள்ளுனவருக்குக் காத்துக்கும் ஆவிக்கும் வித்தியாசம் தெரியாதுங்களா சார்?” என்று கோகிலா கேட்டபோது தலைகுனிந்துகொண்டேன்.

அதற்குள் பெருமாயி அம்மா வேல்முருகனைப் பிடித்துக்கொண்டார்.

“பூ வெச்சப்ப என்னன்னுடா கேட்ட?”

“அருணாசலம் அய்யா இந்தச் சத்தத்தைக் கேப்பாரான்னு கேட்டேன்.”

“கேப்பாருன்னு சாமி சொல்லிருச்சு. இந்த ஞாயித்துக்கெழமையேன்னா சொல்லுச்சு? வாத்தியாரு சொல்றது போல்ட்டு சங்கதி. அதுக்கு எதுக்குடா பூவு? அந்தப் புள்ள கையில டிரில்லு இருக்குதல்ல?”

திருகாணியைக் கொடுத்துவிட்டு அவர்களோடு நானும் இறங்கினேன். திங்களன்று கோகிலா வட்டம் போட்ட போல்ட்டுகளைத் துளைத்துக் கழற்றினாள். பாதிக்கு மேல் நல்ல போல்ட்டுகள். என் காதின் லட்சணம் அதுதான். ஆனால் மேல்வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் மூன்று முறிந்திருந்தன. ஒன்று தொட்டதும் கையோடு வந்துவிட்டது. நெருப்பு மூட்டும் நாளில் எஞ்சின்மேல் நிற்க வேண்டியவன் வேல்முருகன். அந்தத் துண்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை கூட வந்தான். வழியில் மழையைப் பற்றி மட்டும் பேசினான்.

புதுப் போல்ட்டுகள் கடைந்து வந்து, எல்லாவற்றையும் பொருத்தி, மறுபடியும் சோதித்து முடிக்கத் தை பிறந்துவிடும். அதுவரை உங்களைக் காக்கவைப்பது சரிதானா என்று தினமும் யோசிக்கிறேன். முறிந்த போல்ட்டுகளைக் கண்ணால் பார்த்த பிறகும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

சுஜிதா கொடுக்கும் கஞ்சியை வேண்டாம் என்று தள்ளாதீர்கள். மாத்திரைகளில் எதையும் விட்டுவிடாதீர்கள். குளிரில் வெளியே போக வேண்டாம். தை வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள். யாரிடமும் எதையும் வற்புறுத்திக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. இதை வற்புறுத்தியே கேட்கிறேன்.

பதிலைவிடத் தங்கள் நலத்தையே வேண்டும்,
பழனிமுத்து