கைமாத்துதான் என்றாய், மாமா

என் ஆசை மாமாவுக்கு,

உயிரோடு இருந்தவரை உன்னை 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிட்டேன். இந்தக் கடிதத்தில் 'நீ' என்றே எழுதப்போகிறேன். கோபித்துக்கொள்ளாதே. உன் கடனை அடைத்தவளுக்கு அவ்வளவு உரிமையாவது இருக்கட்டும்.

ஆமாம், அடைந்துவிட்டது. போன வெள்ளிக்கிழமை கள்ளக்குறிச்சிக்குப் போய் வட்டிக்காரரிடம் கடைசிப் பணத்தைக் கொடுத்தேன். வீட்டுப் பத்திரத்தை வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். சந்தோஷமாக இருக்கும் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். நம் நைனார்பாளையத்தில் இறங்கும்போது உன்மேல் ஆத்திரம்தான் வந்தது.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் கடன்காரர்கள். "எல்லாம் கைமாத்துதான் புள்ள, கரும்புப் பணம் வந்தா குடுத்துடலாம்" என்று நீ சொன்னதை நம்பிக்கொண்டிருந்தேன். கைமாத்துக்கு வட்டி உண்டா மாமா? வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து யாராவது கைமாத்து வாங்குவார்களா?

எதற்கு வாங்கினாய் என்பது ஊருக்கே தெரியும். காதுகுத்து, கல்யாணம் எதுவானாலும் மற்றவர்கள் ஐந்நூறு மொய் எழுதினால் நீ இரண்டாயிரம் எழுதுவாய். மைக்கில் உன் பெயரைப் படிக்கும்போது சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வாய். கரியாலூரில் உன் சிநேகிதர் வீட்டுக் கல்யாணத்துக்கு வேன் வைத்துப் போனோமே, நினைவிருக்கிறதா? அங்கே ஐயாயிரம் எழுதினாய். திரும்பும்போது நம் கவிதா அருவியில் குளிக்க வேண்டும் என்றாள், ரோட்டோரம் பலாச்சுளை கேட்டாள். "சில்லறை இல்லம்மா, அடுத்த தபா பாக்கலாம்" என்றாய். அவள் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள்.

நான் எப்படி அடைத்தேன் என்று கேட்கமாட்டாயா? உன் வண்டியை விற்றேன். பால் காசு வட்டிக்கு, கரும்புப் பணம் அசலுக்கு, மளிகைக்கடையில் பொட்டலம் மடிக்கும் கூலி சோற்றுக்கு. ஒன்றுக்கு வைத்ததை இன்னொன்றுக்குத் தொடவில்லை. கவிதாவுக்குக் காய்ச்சல் கண்டபோதும் சோற்றுக் காசில்தான் மருந்து வாங்கினேன். அந்த வாரம் முழுக்க ரேஷன் அரிசியும் ரசமும்தான். சின்னக் கடன்களை முதலில் தீர்த்து, வாசலுக்கு வரும் ஆட்களைக் குறைத்தேன். கரும்பு காய்ந்த வருஷம் வட்டியை மட்டும் கட்டிவிட்டு, அசல் அப்படியே நின்றதைப் பார்த்து மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து அழுதேன்.

எல்லாவற்றையும்விட மிச்சமானது, விசேஷங்களுக்குப் போவதை நிறுத்தியதில்தான். அதற்கு உன் சின்னம்மா தண்ணிக் குழாயடியில் என் காதுபடவே சொன்னார்: "அவன் கை இன்னா தாராளம். அவனுக்குன்னு வந்து வாச்சிது பாரு, கஞ்சப் பிசினாரி." கடன் வாங்கிக் கொடுத்தவன் தாராளம், கட்டியவள் பிசினாரி. நல்ல ஊர் மாமா நம் ஊர்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை வட்டிக்காரர் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. நீ எழுதிக்கொடுத்த பழைய புரோநோட்டுகளையெல்லாம் கிழித்துக்கொண்டே வந்தவர், அடியில் கிடந்த ஒன்றை எடுத்துப் பார்த்துச் சிரித்தார்.

"ஏம்மா, மொதமொத இந்த நோட்டு எதுக்கு எழுதுனார்னு தெரியுமா?"

"தெரியாதுங்க."

"உன் சடங்குக்குத்தாம்மா. தாய்மாமன் சீர் கொண்டுபோவணும்னு வந்து நின்னாரு. அப்பறம் வட்டிய மட்டும் கட்டிக்கினு, நோட்ட மாத்தி மாத்தி எழுதிக்கினே வந்தாரு."

எனக்கு அப்போது பதினான்கு வயது. அம்மாவின் தம்பியாக நீ மேளம் முழங்க, தட்டு தட்டாகச் சீர் கொண்டுவந்தாய். கிளிப்பச்சைப் பட்டு, இரண்டு பவுன் சங்கிலி. தெருவே வாயைப் பிளந்தது. எங்க மாமா, எங்க மாமா என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சில வருஷம் கழித்து உனக்கே என்னைக் கட்டிக்கொடுத்தபோது, அந்தப் பெருமையோடுதான் உன் வீட்டுப் படி ஏறினேன். நீ செத்துப்போன வருஷம் அந்தச் சங்கிலியை விற்றுத்தான் அந்த மனுஷருக்கு வட்டி கட்டினேன். எனக்கு நீ போட்ட சீரின் கடனை நானே கட்டியிருக்கிறேன் மாமா. இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது?

இன்னொரு செய்தி. நம் கவிதா போன வாரம் வயதுக்கு வந்துவிட்டாள். உறவெல்லாம் திடீரென்று என்னிடம் அன்பாகிவிட்டது. "விசேஷம் வை, அவன் எழுதுன மொய்யெல்லாம் திரும்பிடும்" என்கிறார்கள். திரும்பி வரும் மொய்யோடு புது மொய்யும் வரும். அதைத் திருப்பிக் கட்ட நான் மறுபடி பால் கறக்க வேண்டும். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டும் என் தம்பி சேகர் நேற்று போன் செய்தான்.

"அக்கா, மாமா உனக்குக் கொண்டாந்தத வுட ஜாஸ்தியா நான் கொண்டாறேன்."

"காசு ஏதுடா?"

"கைமாத்துதாங்கா."

எனக்கு உன் குரலே கேட்டது போலிருந்தது. ஒரு முழம் பூ மட்டும் கொண்டு வா, அதற்குமேல் எது வந்தாலும் வாசலைத் தாண்டாது என்றேன். "மாமா இருந்தா இப்பிடி வுட்டிருப்பாரா?" என்று வைத்துவிட்டான். விட்டிருக்கமாட்டாய், எனக்குத் தெரியும்.

கவிதாவும் என்னோடு பேசுவதில்லை. "உனக்கு மட்டும் அப்பா அத்தன தட்டு கொண்டாந்தாரு இல்ல? எனக்கு வேணாமா?" என்று கேட்டாள். அந்த வயதில் நானும் அப்படித்தானே கேட்டிருப்பேன். அவளுக்கு இப்போது எப்படிப் புரியவைப்பது?

ஞாயிற்றுக்கிழமை அவளைக் கரியாலூருக்குக் கூட்டிப்போகிறேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேதான் வருவாள், வரட்டும். அருவியில் குளிக்கட்டும், பலாச்சுளை வேண்டிய மட்டும் தின்னட்டும். எல்லாம் என் கையில் இருக்கும் காசுக்கு.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன் மாமா. என்னைப் பிசினாரி என்று அவளே சொன்னாலும் சரி, உன் மகள் தன் சீருக்குத் தானே வட்டி கட்டமாட்டாள்.

இப்படிக்கு,
உன் அக்கா மகளும் பெண்டாட்டியுமான
செல்வி