இந்தப் பிஸ்டலைப் பற்றி என் அபிப்பிராயம்

8 மார்ச் 2003, சனி

இன்றும் ஜாம். பத்துத் தோட்டாவில் மூன்று முறை. வெற்றுக்கூடு வெளியே விழாமல் பாதியில் குத்திட்டு நிற்கிறது. வெளிநாட்டுப் பிஸ்டல் வாங்க வழியில்லாதவர்களுக்கென்று உள்நாட்டில் செய்து விற்கிற சரக்கு, விலைக்கேற்ற குணம். ட்ரிகர் கல் மாதிரி. குறி பார்க்கும் முனை கடுகளவு.

ஆனாலும் பிடித்திருக்கிறது. முப்பது வருஷம் ராணுவ ஸ்டோரில் மற்றவர்கள் துப்பாக்கிக்குப் பதிவேடு எழுதினேன். எனக்கென்று இது ஒன்றுதான்.

ராஜவேலிடமும் இதே மாடல். மதுரைக்காரர், சி.ஆர்.பி.எஃப்.பில் ஓய்வு பெற்றவர், தில்லி ஜனக்புரியில் எங்கள் பிளாக்கிலேயே வீடு. சனிக்கிழமைதோறும் அவர் ஸ்கூட்டரில்தான் சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போகிறோம். "என்னுது ஒரு தடவகூட மக்கர் பண்ணலண்ணே. நீங்க எண்ணெய் விடறதுல கஞ்சம்" என்கிறார். எண்ணெயாம்! யாரிடம் சொல்கிறார்?

12 மார்ச்

டைனிங் டேபிளில் பேப்பர் விரித்து மொத்தத்தையும் கழற்றித் துடைத்தேன். மனைவி ஜூலியா ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்தாள். "சோத்த எங்க வைக்கட்டும், அது மேலயா?" திட்டிக்கொண்டே ஸ்பிரிங்கை மாட்டிக் கொடுத்தாள். எனக்கு இரண்டு முறை நழுவியது. நர்ஸ் விரல் நர்ஸ் விரல்தான்.

15 மார்ச்

ஐந்து ஜாம்.

17 மார்ச்

தொழிற்சாலைக்கு நாலு பக்கக் கடிதம் எழுதினேன். தோட்டா ஏறும் சரிவு, மேகசீன், ஸ்லைடு, எதையும் விடவில்லை. ராஜவேல் படித்துவிட்டு, "போஸ்ட் பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவ மாத்திச் சுட்டுப் பாப்போம்ணே" என்றார். நியாயம்தான்.

22 மார்ச், சனி

என்னுடையதை அவர் சுட்டார். இரண்டு மேகசீன் நிறையத் தோட்டா. ஒன்றுகூடச் சிக்கவில்லை.

அவருடையதை நான் சுட்டேன். மூன்றாவது தோட்டாவிலேயே ஜாம். மறுபடியும்.

ராஜவேல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னுதுலயும் ஸ்பிரிங் போச்சு போலண்ணே" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். காது சிவந்துவிட்டது.

சுடும்போது மணிக்கட்டு தளர்ந்தால் மேலே நகர்கிற ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாது, கூடு சிக்கும். எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுமா இத்தனை நாளா— என் கைக்கு என்ன வந்துட்டு?

23 மார்ச், ஞாயிறு

ஆராதனை முடிந்து நடந்து வரும்போது ஜூலியாவிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"நடக்கும்போது அந்த வலது கைய நீங்க வீசறதே இல்ல. கிறிஸ்மஸ்ல இருந்து பாத்துட்டுதான் இருக்கேன்."

"ஏன் சொல்லல?"

"துப்பாக்கியத் திட்டிக்கிட்டு சந்தோஷமா இருந்தீங்க. எனக்கு மனசு வரல."

கோபம் வந்தது. வீடு வரை அந்தக் கையையே பிடித்துக்கொண்டு வந்தாள். இருபத்தாறு வருஷத்தில் தெருவில் கை பிடித்தது இதுதான் முதல்.

2 ஏப்ரல்

பார்க்கின்சன். ஆரம்ப நிலைதான், மாத்திரை இருக்கிறது என்றார் டாக்டர். கேட்க வேண்டியதையெல்லாம் ஜூலியா கேட்டாள். நான் கேட்டது ஒன்றே ஒன்று: சுடலாமா? "நஹி, அங்கிள்."

பயமா இருக்கு. எழுதிட்டேன். போதும்.

5 ஏப்ரல்

கடிதத்தைக் கிழித்தேன். ஒரு தப்பும் செய்யாத பிஸ்டலை நாலு பக்கம் ஏசியிருக்கிறேன்.

14 ஜூன், சனி

அனுமதிக் காகிதம் வந்துவிட்டது. பிஸ்டல் இனி ராஜவேல் பேரில். கையில் கொடுக்கும்போது இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"வர்ற சனிக்கிழம காலைல ஆறு மணிக்கு ரெடியா இருங்கண்ணே."

"நான் எதுக்கு?"

"ரெண்டு பிஸ்டல நான் ஒருத்தனே எப்படிச் சுடறது? நான் தப்பாச் சுட்டா திட்டறதுக்கு ஆள் வேணாமா?"

7 பிப்ரவரி 2004, சனி

இவர் சொல்லச் சொல்ல ஜூலியாவாகிய நான் எழுதுகிறேன். இன்று விரல்கள் பேனாவுக்கு இசையவில்லை.

ரேஞ்சில் புதிதாக ஒருவர், பேங்க் மேனேஜராம், இந்தப் பிஸ்டலை நம்பி வாங்கலாமா என்று ராஜவேலைக் கேட்டிருக்கிறார். ராஜவேல் இவரைக் கை காட்டினாராம். இவர் குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்துவிட்டு, "வாங்குங்க. உங்க கை சரியா இருக்கிற வரைக்கும் அது சரியா இருக்கும்" என்றாராம். ராஜவேல் ஸ்கூட்டரைக் கிளப்புகிற சாக்கில் எழுந்து போய்விட்டாராம்.

அடுத்த சனிக்கிழமை என்னையும் அழைத்துப் போகப் போவதாக எழுதச் சொல்கிறார். வருகிறேன் என்று நான் சொல்லவில்லை. டியூட்டி மட்டும் மாற்றி வாங்கியிருக்கிறேன். இதை அவர் சொல்லி எழுதவில்லை. படிக்கும்போது தெரிந்துகொள்ளட்டும்.