மைக்கில் சொன்ன ‘தெரியல’

டாக்டரம்மா,

நேற்று காரைக்குடி பஸ் நிலையத்தில் ஒரு பொட்டலம் வறுத்த வேர்க்கடலை வாங்கினேன். நாலைந்து தின்றதும் ஒரு பருப்பு கசந்தது. துப்பிவிட்டு மீதியைப் போடக் கையை ஓங்கினால், ஓர் ஆடு முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறது. சட்டென்று பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். “ஆட்டுக்குப் போட்டாக் கொறைஞ்சா போயிருவீக பாய்?” என்று கடலைக்காரம்மா சிரித்தது. என்னைக் கஞ்சப்பயல் என்று நினைத்திருக்கும். காரணம் தெரிந்தவர் நீங்கள், நீங்களோ இல்லை.

எழுபதுகளில் ஓர் ஐப்பசி அது. கடலை பறிக்கிற நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. சாக்கோட்டைக்குப் பக்கத்தில் என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊரில், காயவைக்க ஒரு பொழுது வெயில் இல்லை. வீட்டுக்குள்ளேயே குவித்துப் போட்டார்கள், புழுங்கிப்போனது. உடைத்துப் பார்த்தால் பருப்பெல்லாம் பச்சைப் பூஞ்சணம். அதைக் கொத்தித் தின்ற கோழிகள் சுருண்டு விழுந்தன. அக்காவுக்கு அந்த வருஷத்துச் சோறு, துணி, எல்லாமே அந்தக் குவியல்தான்.

அந்த வட்டாரத்துக்கே நீங்கள் ஒருவர்தான் டாக்டர். நான் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். சினிமாவுக்கும் தேர்தலுக்கும் காதுகுத்துக்கும் என் குரல்தான். ஊருக்கு அறிவிக்க வேண்டும் என்று ஆள் அனுப்பினீர்கள். வருகிற வழியிலேயே வசனம் தயார் செய்துவிட்டேன். “விஷக் கடலை! தின்றால் மரணம்! தாய்மார்களே, உஷார்!” என்று உங்கள் முன்னால் முழங்கியும் காட்டினேன்.

“மரணம்னு ஒங்களுக்கு யாரு பாய் சொன்னா?” என்றீர்கள்.

“கோழி செத்துச்சே, டாக்டரம்மா.”

“கோழி செத்துச்சு. சீமையில இந்த மாதிரிக் கடலையத் தின்ன வான்கோழி செத்துச்சுன்னு படிச்சிருக்கேன். மனுசர் எவ்வளவு தின்னா என்ன செய்யும்னு எனக்குத் தெரியல. சோதிச்சுச் சொல்லச் சொல்லி மெட்ராசுக்குக் கடலைய அனுப்பியிருக்கேன், பதில் வரல. நீங்க பாட்டுக்கு விஷம்னு கத்திட்டுப் போனா, நல்ல கடலையையும் ஒரு யாவாரி தொடமாட்டான். ஒங்க அக்கா என்ன செய்வாக?”

தெரிந்ததைத் தெரியும் என்று சொல்ல வேண்டும், தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்ல வேண்டும், அதுவரைக்கும் என்ன செய்வது என்றும் சொல்ல வேண்டும் என்றீர்கள்.

“மைக்குல ‘தெரியல’ன்னு சொன்னா யாரு கேப்பாக?”

“கேக்கலைன்னா இன்னொருக்காச் சொல்லுங்க. வாடகை தாரேன்ல.”

வண்டியில் மைக் செட் குழாயைக் கட்டிக்கொண்டு போனேன். கோழிகள் செத்தது தெரியும், மனுசருக்கு என்ன செய்யும் என்பது தெரியவில்லை, அதுவரைக்கும் பூஞ்சணம் பிடித்ததை மனுசர் தின்ன வேண்டாம் என்று தெருத்தெருவாகச் சொன்னேன். “தெரியலன்னு சொல்லவா கொழாயக் கட்டிக்கிட்டு வந்தீக?” என்று ஊரே கேலி செய்தது. அன்றைக்கு உங்கள் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனால், கழனித் தொட்டியில் மாடு தலையை விட்டு ருசித்துக் குடிக்கிறது. உள்ளே இடித்துப் போட்ட பூஞ்சணக் கடலை. பதறிப்போய்க் கேட்டேன். அக்கா நிதானமாகச் சொன்னாள்: “மனுசர் திங்க வேணாம்னு நீதானடா கத்துன. மாட்டுக்குச் சொன்னியா?”

எங்கள் பக்கத்தில் தின்னும் பொருளைக் குப்பையில் போடும் வழக்கம் கிடையாது. மனிதர் கழித்தது மாட்டுக்கு. ஊரில் எல்லாத் தொட்டியிலும் அதே கதைதான். அந்த மாட்டுப் பாலைத்தான் அக்காவின் கைக்குழந்தை குடித்துக்கொண்டிருந்தது.

ஓடிவந்து சொன்னேன். நாற்காலியை விட்டு எழுந்தீர்கள். “பால் வழியா வரலாம்னு படிச்சிருக்கேன். எவ்வளவு வரும், பிள்ளைக்கு என்ன செய்யும்னு தெரியல. வண்டியக் கட்டுங்க பாய், நானே வாரேன்.” சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மாட்டு வண்டியில் ஏறி, மைக்கை என் கையிலிருந்து வாங்கினீர்கள்.

“நேத்து நாங்க சொன்னது பத்தலை. மாட்டை நான் யோசிக்காம விட்டுட்டேன்” என்றுதான் ஆரம்பித்தீர்கள். படித்த டாக்டர் ஒருவர் ஊர் நடுவில் குழாய் வைத்து அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. பூஞ்சணக் கடலையை ஆடு, மாடு, கோழி எதற்கும் போடாமல் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னீர்கள். பூஞ்சணம் பிடிக்காத நல்ல கடலையைப் பொறுக்கித் தனியாக வைக்கலாம், அதிலும் கொஞ்சம் இருக்கலாம், குறைவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன் என்றீர்கள். அந்த ‘நினைக்கிறேன்’ என்பதைக்கூட விடவில்லை நீங்கள்.

கேலி செய்த ஊர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. அக்கா தொட்டியைக் கவிழ்த்தாள். “பத்தலைன்னு தானே வந்து சொல்லுது இந்தப் பொண்ணு. இது சொன்னாக் கேக்கலாம்டா” என்றாள். பெண்கள் கூடி உட்கார்ந்து பொறுக்கினார்கள். குவியல் பாதிக்கும் கீழே போனது. ஆனால் வியாபாரி வந்து பார்த்து வாங்கினான். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. நாம் சொன்னதால் ஆகவில்லையா, எப்படியும் ஆகியிருக்காதா என்று உங்களிடம் கேட்டேன். என்ன சொன்னீர்கள் என்று எழுதவும் வேண்டுமா?

தை பிறந்த பிறகு மெட்ராஸ் பதில் வந்தது. நஞ்சு இருப்பது உண்மை, மனிதருக்கு எந்த அளவு ஆபத்து என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை. “அவுகளுக்கும் ஒரு மைக் செட் அனுப்பலாமா?” என்று கேட்டேன். நீங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள்.

கடைசியாகக் காளையார்கோவிலில் உங்கள் வீட்டில் பார்த்தேன். பாதியாக இளைத்திருந்தீர்கள். நான் கேட்கும் முன்பே நீங்களே சொன்னீர்கள்: “நோவு என்னன்னு தெரியும் பாய். எத்தனை நாளைக்குன்னு தெரியல.”

“அதுவரைக்கும்?” என்றேன்.

“காப்பி குடிப்போம். ஒங்களுக்குச் சீனி தூக்கலா.”

உங்கள் சாவுச் செய்தியையும் நான்தான் மைக்கில் சொன்னேன். எத்தனையோ சாவு சொன்ன குரல் இது. உங்கள் பெயரைச் சொன்னேன். எடுக்கும் நேரத்தைச் சொன்னேன். அதற்கு மேல் முடியவில்லை. மைக்கை அணைத்துவிட்டு, குழாய் கட்டிய வாடகைக் காரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

“சொல்லி முடிச்சாச்சா பாய்?” என்று டிரைவர் திரும்பிக் கேட்டார்.

“தெரியல” என்றேன்.