கேட்காத தேதி

மார்ச் 14, வியாழக்கிழமை

என் மனைவிக்கு,

ஐந்தாம் தேதி, ஓய்வுக்கு என்று சொல்லி உன் அக்கா வீட்டுக்குப் போனாய். நானும் நம்பினேன். எல்லாம் முடிந்த பிறகு, நேற்று பதின்மூன்றாம் தேதி, அவர் தொலைபேசியில் சொல்லித்தான் உன் மார்பில் கட்டி இருந்ததே எனக்குத் தெரிந்தது.

வெறும் நீர்க்கட்டிதானாம். ஊசியால் நீரை எடுத்ததும் வற்றிவிட்டதாம். புற்றுநோய் இல்லையாம், மறுபடி தடித்தால் மட்டும் காட்ட வேண்டுமாம். அக்கா வீட்டுக்குப் போகும்வரை நீ சாவை நினைத்துக்கொண்டு என் பக்கத்தில் படுத்திருக்கிறாய். நானோ காப்பியில் சர்க்கரை கூடிவிட்டதென்று குறைபட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஏன் என்னிடம் மறைத்தாள் என்று கேட்டேன். உன் அக்கா சிரித்தார்.

"நானும் அதையேதான் கேட்டேன் மாப்பிள்ளை. 'அந்த மனுஷன்கிட்ட சொன்னா என்னைக்கு வந்துச்சுன்னு தேதி கேப்பாரு, வலிக்குதான்னு கேக்க மாட்டாரு'ன்னா."

மருத்துவரும் முதலில் தேதியைத்தானே கேட்டிருப்பார்? முன்பின் தெரியாத அவருக்கு மரியாதையாகப் பதில் சொல்லியிருப்பாய். அக்காவுக்கும் தெரிந்திருக்கும். இந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் தேதி வைத்திருக்கும் எனக்குத்தான் அது தெரியாது. இப்போதும் நான் கேட்கப்போவதில்லை.

ஊசி குத்திய இடம் வலிக்கிறதா?

இப்படிக்கு,
காப்பியைக் குறை சொன்னவன்