கேப்டன் திரும்பி வந்தாளா

ஓசூர்
24.8.2025

அன்புள்ள பிரகாஷ்,

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. ஆறு வாரமாகக் கையில் கட்டோடு இருப்பவனிடம் அதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. இங்கே தஸ்லிமுக்கு ஏழாவது மாதம் நடக்கிறது. கால் வீங்குகிறது, என்மேல் எரிந்து விழுகிறாள், மற்றபடி சுகம். உன் போன் அணைந்தே கிடக்கிறது. நாட்றாம்பாளையத்தில் டவரும் கிடைப்பதில்லை. அதனால்தான் கடிதம்.

போன மாதம் நான் வந்தபோது நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். உன் அம்மா களி கிண்டிப் போட்டுவிட்டு, "பேச்சே இல்ல கண்ணு, நீயாவது ஏதாச்சும் கேளு" என்றார். நான் குனிந்து களியைத் தின்றேன். கிளம்பும்போது நீயாகக் கேட்டது ஒன்றுதான்: கேப்டன் திரும்பி வந்தாளா? இன்னும் படிக்கவில்லை என்றேன். பொய். அதற்குள் இரண்டு தடவை படித்திருந்தேன்.

'வளையத்துக்கு அப்பால்' இரண்டாம் பாகத்தை இத்துடன் அனுப்புகிறேன். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், எழுதாமலே விட்டிருக்கலாம். முதல் பாகத்தின் முடிவில் கப்பல் எப்படி நொறுங்கிக் கிடந்தது? இதில் மூன்றாம் பக்கத்திலேயே பளபளவென்று நிற்கிறது. யார் சரிசெய்தார்கள், எத்தனை நாள் பிடித்தது, ஒரு வரி கிடையாது. விண்வெளிக் கதைகளின் இரண்டாம் பாகம் எல்லாமே இந்த லட்சணம்தான். முதல் பாகத்தில் பட்ட அடியை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. நீயோ இரண்டாம் பாகம்தான் உசத்தி என்று கம்பெனி பஸ்ஸில் தொண்டை கட்டும்வரை சண்டை போடுவாய். இப்போது யாரோடு சண்டை போடுவது? உன் இடத்தில் உட்கார்ந்து வருகிற பையன் தூங்குகிறான்.

துப்பறியும் நாவல் விஷயத்தில் மட்டும் நமக்குள் ஒற்றுமை. கதை சொல்கிறவனே கடைசியில் குற்றவாளி என்று வந்தால் நம் இரண்டு பேருக்கும் ஆகாது. ஊத்தங்கரை பஸ் ஸ்டாண்டில் வாங்கிய ஒரு நாவல் அப்படி முடிந்ததும் ஜன்னல் வழியாக வீசி எறிந்தாயே. இருநூறு பக்கம் கூடவே வந்து, நம்மோடு சேர்ந்து எல்லாரையும் சந்தேகப்பட்டுவிட்டு, முக்கியமான ஒன்றை மட்டும் சொல்லாமல் மறைத்தவன் அயோக்கியன் என்றாய். நானும் ஆமாம் என்றேன்.

பிரகாஷ், அந்தச் சனிக்கிழமையைப் பற்றி எழுத வேண்டும்.

காலையில் மிஷின் அடிக்கடி நின்றது. தங்கதுரை சூப்பர்வைசர் வந்து, "டார்கெட் எங்கடா போவும், சென்சார பைபாஸ் பண்ணு" என்றார். பண்ணினேன். கை உள்ளே போனால் தகட்டை அழுத்தும் இரும்பு அச்சு இறங்காமல் நிறுத்துவது அந்தச் சென்சார்தான். அதை யார் நிறுத்தினாலும் அடுத்து வருகிறவனிடம் சொல்லிவிட்டுத்தான் போவோம். யாரும் எழுதிவைக்காத சட்டம் அது. நீ வந்ததிலிருந்து ஒருநாளும் தவறியதில்லை.

அன்றைக்குப் புத்தகக் கண்காட்சி. இரண்டாம் பாகம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, மதியமே என் மிஷினுக்கு வந்து என்னை விடுவிக்கச் சொல்லி உன்னைக் கெஞ்சினேன். நீ சிரித்துக்கொண்டே வந்தாய். இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் படிக்க வழக்கம்போல் நடுவில் கிழித்துப் பிரித்த முதல் பாகத்தின் பின்பாதியை உன் சாப்பாட்டுப் பையில் நானே வைத்தேன். இரண்டு நிமிஷம் பேசினோம். கேப்டன் உயிரோடு இருக்கிறாள் என்றாய், வாய்ப்பே இல்லை என்றேன். பேசிக்கொண்டே கையுறையைக் கழற்றினேன். பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

சென்சாரைப் பற்றிச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன்.

கண்காட்சியில் புத்தகத்தைக் கையில் வாங்கும்போதுதான் போன் வந்தது.

இதோடு முடியவில்லை. திங்கள்கிழமை கம்பெனி ஆபீஸில் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார்கள். வேலை நேரத்தில் நீ புத்தகம் படித்துக்கொண்டிருந்தாய், அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன் என்று அதில் இருந்தது. உன் பையிலிருந்த பின்பாதி மேஜைமேல் சாட்சியாகக் கிடந்தது. காண்டிராக்ட் இந்த மாதம் புதுப்பிக்க வேண்டும், வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாள், யோசித்துக்கொள் என்றார்கள். நான் யோசிக்கவே இல்லை. கையெழுத்துப் போட்டேன். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

செப்டம்பர் பதினொன்றாம் தேதி கிருஷ்ணகிரியில் விபத்தைப் பற்றி விசாரணை என்று உனக்கும் தபால் வந்திருக்கும். என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே போய் உண்மையைச் சொல்லவேண்டும் என்று தினமும் தொழுகையில் நினைக்கிறேன். கம்பெனி கேட்டைத் தாண்டும்போது அந்தத் தைரியம் போய்விடுகிறது. அன்றைக்கு என் வாய் திறக்குமா என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. திறப்பேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்து, இன்னொரு பொய் சேர்க்க விருப்பமில்லை.

அதனால் இந்தக் கடிதத்தை நீ பத்திரமாக வை. அங்கே கொடுத்தால் என் வேலை போகும், வழக்கும் வரலாம். கொடு என்று சொல்ல நெஞ்சு துணியவில்லை. கொடுக்காதே என்று கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? உன் இஷ்டம். நீ ஜன்னல் வழியாக வீசினாலும் நியாயம்தான்.

புத்தகம் தடிமனானது, ஒரு கையால் பிடிக்க முடியாது. அதனால் இந்த முறை இரண்டாக இல்லை, ஆறாகப் பிரித்துத் தஸ்லிம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தைத்திருக்கிறாள். மடியில் வைத்து இடது கையால் புரட்டிப் பார்த்தேன், சிரமமில்லை. கேப்டன் வந்தாளா என்று நான் சொல்லப்போவதில்லை. நீயே படி. சுவரைப் பார்த்துப் படுத்திருக்காதே.

அம்மாவுக்கும் அப்பா சென்னகிருஷ்ணனுக்கும் என் வணக்கம். அல்லாஹ் உன் வலியைக் குறைக்கட்டும். உனக்காகக் கேட்கிற துஆவில் என்னைச் சேர்த்துக்கொள்ள வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சேர்த்துக்கொள்கிறேன்.

எப்போதும் முஹ்சின் என்று மட்டும்தான் உனக்கு எழுதுவேன். யாரும் பிறகு இது யாரோ எழுதியது என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காக இன்று முழுதாக எழுதுகிறேன்.

இப்படிக்கு,
கு. முஹ்சின்,
த/பெ குலாம் ரசூல்,
பிரஸ் ஷாப், இரண்டாம் லைன்,
டோக்கன் எண் 2147